கூடை நிறைய பொம்மை இருந்தும் தம்ளரைத் தேடும் பிள்ளை

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகனுக்கு 2 வயது 8 மாதம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் இரண்டு கூடை பொம்மை இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து வீசிவிட்டு, இரண்டு நிமிடத்தில் மொபைல் கேட்டு அழுகிறான். ஆனால் சமையலறையில் தம்ளரும் கிண்ணமும் கிடைத்தால் அரை மணி நேரம் அசைவதில்லை. என் அக்கா மகளின் சொப்பு சாமானையும் விடுவதில்லை. "ஆம்பளப் பையனுக்கு எதுக்கு சொப்பு" என்று மாமனார் பிடுங்கி வைத்துவிடுகிறார். எழுத்து, எண் சொல்லித்தரும் மின்னணு பொம்மை செட் 6,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அந்தத் தம்ளரும் கிண்ணமும்தான். அரை மணி நேரம் ஒரே வேலையில் உட்காரும் இரண்டரை வயதுப் பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவனுக்குச் செய்ய ஏதாவது இருந்தால் உட்காருகிறான், இல்லையென்றால் எழுந்து போகிறான்.

ஒரு நாள் அவனுக்குத் தெரியாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். பெரிய தம்ளரிலிருந்து சின்னதற்கு ஊற்றுவான், வழியும். திரும்பவும் ஊற்றுவான், திரும்பவும் வழியும். நாலைந்து தடவைக்குப் பிறகு கையைச் சற்று முன்னதாகவே நிறுத்துவான். எது எதற்குள் அடங்கும், எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு விழும் என்பதையெல்லாம் கையாலேயே கணக்குப் போடுகிறான். மணிக்கட்டைத் திருப்பும் அந்தப் பழக்கம்தான் பிறகு சட்டைப் பொத்தான் போடவும் பென்சில் பிடிக்கவும் உதவும். பொத்தானை அமுக்கினால் 'ஏ ஃபார் ஆப்பிள்' பாடும் பொம்மையில் இதில் எதற்கும் இடமில்லை. அது ஒரே மாதிரி பாடும், அவன் ஒரே மாதிரி அமுக்குவான், மூன்றாம் தடவை வீசுவான். அலுப்புத் தட்டியதை அவன் சொல்லும் விதம் அது.

அந்த மாதிரி பொம்மைகளில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து விளையாடுவதைப் பதிவு செய்து, 2016-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. புத்தகத்தையும் சாதாரண பொம்மைகளையும் வைத்து விளையாடியபோது பேசியதைவிட, ஒலி எழுப்பும் மின்னணு பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள், புத்தகம் இருந்தபோது எழுப்பியதைவிடக் குழந்தைகளின் சத்தமும் குறைந்தது. பொம்மை பேச ஆரம்பித்ததும் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். பிள்ளைக்கு மொழி வருவது அவன் முகத்தைப் பார்த்துப் பேசும் ஆளிடமிருந்துதான்.

சரி, இரண்டு கூடையை என்ன செய்வது? இன்று ராத்திரி அவன் தூங்கியதும் ஐந்தாறு சாமானை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மீதியை மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள். டொலீடோ பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளை ஒரு முறை 4 பொம்மையோடும் இன்னொரு முறை 16 பொம்மையோடும் விட்டுப் பார்த்தார்கள். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றிலும் அதிக நேரம் நின்றார்கள், ஒரே பொம்மையை வெவ்வேறு விதமாகவும் பயன்படுத்திப் பார்த்தார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கும். இரண்டு வாரம் கழித்து நாலை மாற்றினால் பழைய பொம்மையே புதுசாகத் தெரியும்.

வெளியே எதை வைப்பது? அடுக்க, கொட்ட, ஏற்றி இறக்க முடிகிறவை. மரக்கட்டைகள், ஒரு பந்து, மூடியோடு சில டப்பா, ஒரு துணிப் பொம்மை, இழுத்துக்கொண்டு போக ஒரு வண்டி, அப்புறம் சொப்பு. பழைய நடைவண்டி இருந்தால் அதையும் இறக்குங்கள். நடக்கத் தெரிந்த பிள்ளை அதில் பாரம் ஏற்றித் தள்ளுவான். (கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: குழந்தையை நடுவில் உட்காரவைக்கும் சக்கர வாக்கர் வேறு, நம்முடைய நடைவண்டி வேறு. அந்த வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை, படியில் உருண்டு தலையில் அடிபட வைக்கிறது. கனடாவில் 2004-இலேயே அதைத் தடை செய்துவிட்டார்கள்.)

சொப்பு விஷயத்தில் உங்கள் மாமனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர்மேல் வருத்தம் வேண்டாம், அவர் வளர்ந்த காலத்தில் அப்படித்தான் பேசினார்கள். ஆனால் பேரனிடமிருந்து பிடுங்கி வைப்பது இந்த வயதின் மிகப் பெரிய பாடத்தை. வெறும் சொப்புத் தம்ளரைக் கொண்டுவந்து "அம்மா, டீ" என்று நீட்டுகிறான் என்று வையுங்கள். வாங்கிக் குடிப்பதுபோல் குடித்து, "அய்யோ, சுடுதே!" என்று சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் சிரிப்பார்கள். சிலர் தம்ளரைத் திரும்ப வாங்கி, ஊதி ஆற்றிவிட்டுக் கொடுப்பார்கள். அந்த ஊதலை நினைத்துப் பாருங்கள்! தம்ளரில் ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியும், அதில் சூடான டீ இருப்பதாகவும் வைத்துக்கொள்கிறான், அம்மாவுக்கு நாக்கு சுடும் என்றும் யோசிக்கிறான். கண்ணெதிரே இல்லாததை மனதில் நிறுத்துவதும், இன்னொருவருக்கு எப்படி இருக்கும் என்று நினைப்பதும் ஒரே விளையாட்டில் வருகின்றன. பின்னாளில் கோடு போட்ட ஓர் உருவத்தை 'அ' என்று ஏற்றுக்கொள்வதற்கும் இதே திறமைதான் வேண்டும். இதில் ஆண் பெண் என்ற பேச்சே இல்லை. தாத்தாவே கடைக்காரராக உட்கார்ந்து வெங்காயம் விற்கட்டும், பையன் பை எடுத்துக்கொண்டு வருவான்.

வேலை முடிந்து வந்ததும் நீங்கள் கால்மணி நேரம் தரையில் உட்கார்ந்தால் போதும். அப்போது "இது என்ன கலர், எத்தனை இருக்கு" என்று பரீட்சை வைக்காதீர்கள். எல்லா வீட்டிலும் இது நடக்கிறது, பிள்ளை எழுந்து போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். அவன் செய்வதைச் சொல்லிக்கொண்டிருங்கள்: "சின்ன டப்பா உள்ள போயிடுச்சு, பெரிசு போக மாட்டேங்குது." நிறமும் எண்ணும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும்.

மொபைலைப் பற்றி மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். நாள் முழுக்க ஒரு வாண்டைத் தனியாகச் சமாளிப்பவருக்கு அது ஒன்றுதான் ஓய்வு. இரண்டு வயதில் திரை நேரம் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஓடியாடும் நேரம் நாள் முழுவதும் சேர்த்து 3 மணி நேரமாவது வேண்டும் என்றும் சொன்னது. எந்த நேரத்தில் அதிகம் கேட்கிறான் என்று கவனித்து, அந்த நேரத்துக்கு ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீரும் இரண்டு தம்ளரும் கொடுங்கள், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். வாளித் தண்ணீர் பக்கத்தில் மட்டும் ஒரு நிமிடம்கூட அவனைத் தனியாக விடாதீர்கள்.

சில்வர் பீச் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது வேறு விளையாட்டுச் சாமான் எதற்கு? வாரம் ஒருநாள் சாயங்காலம் தேவனாம்பட்டினம் போய், அலை எட்டாத இடத்தில் ஒரு கொட்டாங்கச்சியோடு உட்காரவையுங்கள். காய்ந்த மணலில் இட்லி கவிழ்த்தால் சரிந்துவிடும், ஈர மணலில் நிற்கும். இதை வாயால் சொல்லித்தராதீர்கள். அவனாகவே ஈர மணலைத் தேடிப் போகும்வரை பொறுங்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் சில விஷயங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், வில்லியனூர் சுடுமண் பொம்மை மாதிரி புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அதனால் திருவிழாக் கடையில் மண் சொப்பு வாங்கினால் சாயம் பூசாததாகப் பார்த்து வாங்குங்கள், இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். 3 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கும் எதுவும் 3 வயதுவரை கையில் வேண்டாம். பல்லாங்குழியின் சோழியும் புளியங்கொட்டையும் இதில் சேர்த்தி, அவை மூக்கிலும் போகும், மூச்சுக்குழாயிலும் போகும். ஊதாத பலூனும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், பாடும் பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி. விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டானோ என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியதில் கவலைப்பட எதுவும் இல்லை. இதே வயதில் ஒரு பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, வேண்டியதைச் சுட்டிக்காட்டாமல் இருந்தாலோ, இரண்டு சொல் சேர்த்துப் பேசாமல் இருந்தாலோ, பாவனை விளையாட்டே இல்லாமல் வண்டிச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தாலோ, "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்" என்று காத்திருக்கக் கூடாது. குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ கேட்கலாம். போகும்போது பிள்ளை வீட்டில் விளையாடுவதை ஐந்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி அறையில் பல பிள்ளைகள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள், வீடியோவைப் பார்த்தால்தான் மருத்துவருக்குத் தெரிய வேண்டியது தெரியும்.