மலசலகூடக் குழியில் வந்த சிங்கக் காசு

கேள்வி: ஐயா, பசறைப் பக்கம் எங்களுக்கு ஏழு பேர்ச் காணி. போன மாதம் மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போது இடுப்பளவு ஆழத்தில் ஒரு செப்புக் காசு வந்தது. ஒரு பக்கம் சிங்கம், மற்றப் பக்கம் பின்னிக் கிடக்கிற மூன்று இங்கிலீஷ் எழுத்து, அதற்குக் கீழே 179, கடைசி இலக்கம் தெரியவில்லை. டவுனில் ஒருவர் எட்டு லட்சத்துக்கு ஆள் இருக்கிறது என்கிறார். ஆனால் முதலில் லேப் ரிப்போர்ட்டுக்கு 25,000 ரூபா கட்ட வேண்டுமாம். காணி தாத்தாவின் பெயரில் இருப்பதால் பெரியப்பா பாதி கேட்கிறார். உண்மையான பெறுமதி என்ன?

பதில்: தம்பி, முதலில் அந்த 25,000த்தை மடியில் இறுக்கி முடிந்து வையுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் காசு கறுத்து, பச்சை பாய்ந்து, அழகாக இருக்கிறது. இரண்டாவது படத்தில் புதுச் செம்புக் குடம் மாதிரிப் பளபளக்கிறது. யார் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தது? கடைசி இலக்கம் மண்ணுக்குள் அழியவில்லை, உங்கள் வீட்டுக் குசினியில் அழிந்திருக்கிறது. முதல் படத்தில் அந்த இடத்தில் ஒரு வளைவு மங்கலாகத் தெரிகிறது, இரண்டாவதில் வெறும் தகடு. பழைய காசின் மேல் படிந்த நிறம் அழுக்கல்ல, அதன் தோல். அதை உரித்தால் வாங்குகிறவன் பாதி விலையைக்கூடச் சொல்ல மாட்டான். புளி, தேசிக்காய், பிரசோ என்ற பித்தளைப் பொலிஷ், பல் துலக்கும் பிரஷ் எதுவும் கிட்டப் போகக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுங்கள், போதும்.

அது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காசு. பெரிய வீ எழுத்தின் இரண்டு கைகளிலும் ஓவும் சீயும் தொங்கினால், அது 1602இல் தொடங்கிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. (ஒருவர் இதே காசைக் கொண்டுவந்து, "ஐயா, இது வ.உ.சி. கப்பல் கம்பெனிக் காசு" என்று சத்தியம் பண்ணினார். எழுத்து என்னவோ சரிதான், சிதம்பரம்பிள்ளை பிறக்கவே இன்னும் எண்பது வருடம் இருந்தது.) உங்கள் சிங்கத்துக்கு இடுப்புக்குக் கீழே கால் இல்லை, அலைதான் இருக்கிறது. தண்ணீரிலிருந்து எழும்புகிற சிங்கம் ஒல்லாந்து நாட்டின் சீலாந்து மாகாணத்தின் சின்னம். முழுச் சிங்கமாக இருந்தால் வேறு மாகாணம். காசின் பெயர் டோயிட். நாம் காசைத் துட்டு என்கிறோமே, அந்தச் சொல்லுக்கே இதுதான் மூலம் என்பார்கள். 1726 முதல் இதை மூட்டை மூட்டையாக அடித்துக் கப்பலேற்றினார்கள்.

ஒல்லாந்தர் பசறைக்கு ஆட்சி செய்ய வரவில்லையே என்று கேட்பீர்கள். அவர்கள் வராவிட்டாலும் காசு வந்தது. கண்டி ராச்சியத்துக்கு உப்பும் துணியும் கரையிலிருந்து தவளம் என்ற பொதி மாடுகளில்தான் ஏறின. காசுக்கு எல்லைக் காவல் கிடையாது.

நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள், சுமார் மூன்று கிராம் நிற்க வேண்டும். காந்தம் பிடிக்கக் கூடாது. இரண்டும் சரியென்றால் காசு நல்ல காசாக இருக்கலாம்.

எட்டு லட்சமா? தேய்ந்த டோயிட் உலகம் முழுக்கச் சேகரிப்பாளரின் பெட்டியில் அள்ளக் கிடக்கிறது. சாதாரண நிலையில் ஆயிரக் கணக்கில்தான் பேச்சு, லட்சத்தில் இல்லை. புளி போட்டது அதற்கும் கீழே. பழையது என்றால் விலை கூட என்று நம் ஆட்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, இந்த இரண்டும்தான் விலை. வயது மூன்றாவது.

அந்த டவுன் ஆளின் வித்தையைச் சொல்கிறேன். காசை வாங்க அவரிடம் ஆள் இல்லை, இருக்கவும் தேவையில்லை. அவருடைய வியாபாரம் உங்கள் 25,000. அதைக் கட்டினால் ரிப்போர்ட் என்று லேமினேட் பண்ணிய ஒரு கடதாசி வரும். பிறகு சிங்கப்பூர்க்காரர் வருகிறார், ஹோட்டல் செலவுக்கு இன்னொரு 40,000 என்பார். அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் என்று கதை விடுகிறவர்களும் இந்தக் கூட்டம்தான். எந்தச் செம்பும் அரிசியை இழுக்காது, தம்பி. அரிசி மணியில் இரும்புத் தூளைப் பூசிவிட்டு, காசுக்கு அடியில் காந்தத்தை ஒட்டிவைத்தால் என் செருப்பும் இழுக்கும். ராமர் பட்டாபிஷேகம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று அடித்த காசையும் இப்படித்தான் கோடி என்று காட்டுவார்கள். அந்த ஆங்கிலேயக் கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அவை கோயில் வாசலில் விற்ற சாமி வில்லைகள். நம் தாத்தாமார் இந்தியாவிலிருந்து மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறி வந்தபோது முடிச்சில் கொண்டுவந்தவை நிறைய.

இதைவிட மோசமான ஆள் இனிமேல் வருவார். "ஒரு காசு வந்தால் கீழே குடம் இருக்கும், பூசை போட்டுத் தோண்டலாம்" என்பார். கதவைத் திறக்காதீர்கள். உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். பொலிஸ் வந்தால் பூசாரி சுவரேறிக் குதித்து விடுவார், ஏழு பேர்ச்சும் உங்கள் வீட்டு விலாசமும் எங்கே குதிக்கும்? மலசலகூடக் குழி மலசலகூடக் குழியாகவே இருக்கட்டும்.

இனிப் பெரியப்பா விஷயம். அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பாதி கேட்க முழுது ஒன்று இருந்தால்தானே? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நம்பக்கூடிய காசு மண்ணிலிருந்து வந்தால் அது அரசின் சொத்து. காணி தாத்தாவின் பெயரில் இருந்தாலும், துரையின் பெயரில் இருந்தாலும் ஒன்றுதான். உங்களுடையது 1790களின் காசு. அதனால் விற்கவும் முடியாது, நாட்டைவிட்டு அனுப்பவும் முடியாது. அறிவிக்க வேண்டும்.

அந்தத் திகதி ஏன் என்றால், கண்டி ராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி உடன்படிக்கை கையெழுத்தான நாள் அது. மலையகத்தில் இதனால் ஒரு வேடிக்கையான சிக்கல் வரும். மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் தலையும் பின்பக்கம் யானையும் உள்ள, ஸ்டைவர் என்ற ஆங்கிலேயர் காலச் செப்புக் காசுகள் உண்டு. அதில் அடித்திருக்கும் வருடம் 1815. ஜனவரி காசா, ஜூன் காசா? காசில் மாதம் போட மாட்டார்கள். ஒரு பக்கம் பிடித்தால் தொல்பொருள், மறுபக்கம் பிடித்தால் பழைய செம்பு. இலண்டனில் அடித்துக் கப்பலில் வந்த காசு அது, இங்கே கைமாறியது பிறகுதானே என்று நான் வாதாடுவேன். எதிரில் இருக்கிற உத்தியோகத்தர் "1815 என்று போட்டிருக்கிறதா, போட்டிருக்கிறது" என்று புத்தகத்தை மூடிவிடுவார். யானைக் காசு மண்ணில் வந்தால் வாதம் பண்ணாமல் காட்டிவிடுவது நல்லது. 1821இல் வந்த ரிக்ஸ்டொலர் என்ற வெள்ளிக் காசிலும் யானைதான், ஆனால் நான்காம் ஜோர்ஜ், திகதி தாண்டியது, அந்தத் தலைவலி இல்லை.

எப்படி அறிவிப்பது? இரண்டு பக்கமும் படம் எடுத்து, கிடைத்த நாள், இடம், ஆழம் எழுதி, கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுங்கள். பிரதியில் ஒப்பமும் முத்திரையும் வாங்காமல் காசைக் கையை விட்டு விடாதீர்கள். வாய்ச் சொல்லாகக் கொடுத்த காசு மேசை லாச்சியில் தூங்கும். இப்படி ஒரு காசை அறிவிக்க, நான் ஒரு மூதாட்டிக்குத் துணையாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். படிவம் சிங்களத்தில் மட்டும். தமிழ் அரசகரும மொழியாகி 1987இலிருந்து இத்தனை வருடம். கேட்டால், தமிழ் தெரிந்தவர் புதன்கிழமை வருவார் என்றார்கள். புதன்கிழமை போனோம், அன்றைக்குப் போயா விடுமுறை. பஸ் காசு மட்டும் அந்தக் காசின் விலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் போங்கள், ஒப்பம் உங்கள் கையில் இருந்தால் நாளைக்கு எவனும் உங்களைப் புதையல் கள்ளன் என்று சொல்ல முடியாது.

கொழும்புப் பக்கம் போனால், கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் நூதனசாலை இருக்கிறது. அங்கே உள்ள பழைய காசுகளோடு உங்கள் படத்தை ஒத்துப் பாருங்கள்.

கடிதத்தின் அடியில், "அம்மாவின் தகரப் பெட்டியிலும் பாட்டி காலத்துக் காசு இரண்டு கிடக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது மண்ணிலிருந்து வந்ததல்ல, கதை வேறு. தேய்க்காமல், வெயிலில் சாய்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கம் யானை தெரிந்தால், வருடத்தை மட்டும் கிட்டக் காட்டுங்கள்.