எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் ஏன் பேச்சை மாற்றுகிறார்கள்? தேயிலை சேகரிப்பு: கேள்வி பதில்

நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் சாயா குடிப்பதோடு நிற்காமல் தேயிலையைச் சேர்த்து வைக்கிறவர்கள் சிலர் இருக்கிறோம். பெரும்பாலும் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் செய்யும், வைக்க வைக்க முதிரும் பூஎர், கொஞ்சம் டார்ஜிலிங், கொஞ்சம் நீலகிரி. கப்பல் வேலையில் ஹாங்காங், குவாங்சோ பக்கம் போய்வந்த காலத்தில் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது. இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒளித்து வைப்பதையும் ஆள் பார்த்துச் சொல்வதையும் பற்றியவை.

தக்கலை, பள்ளி ஆசிரியை: சார், மூத்த சேகரிப்பாளர்களிடம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அப்படி என்ன ரகசியம்?

டீச்சர், அதில் நியாயமான காரணமும் உண்டு. பூஎர் இலையை வட்டத் தட்டாக அழுத்துவார்கள், அதைத்தான் கேக் என்கிறோம். ஒன்று வழக்கமாக 357 கிராம். ஏழு கேக்குகளை மூங்கில் மடலில் சுற்றி ஒரு கட்டாகக் கட்டுவார்கள். பழைய சரக்கு என்றால் விற்கிறவரிடம் ஒரு கட்டோ இரண்டு கட்டோதான் மிச்சம் இருக்கும். பத்துப் பேரிடம் சொன்னால் அடுத்த தடவை போகும்போது ஒன்று சரக்கு இருக்காது, இல்லை விலை ஏறியிருக்கும். 2007-இல் பூஎர் விலை கண்மண் தெரியாமல் ஏறி, அதே ஆண்டில் சரிந்தது. ஊர் முழுக்கப் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று அப்போது பார்த்தவர்களுக்கு இன்னும் பயம் போகவில்லை.

இரண்டாவது காரணம் மதிப்பு. பிறருக்குத் தெரியாத ஒரு கடை தனக்குத் தெரியும் என்பதிலேயே சிலருடைய பெருமை நிற்கிறது.

நான் அதிகம் பார்ப்பது மூன்றாவது காரணத்தை. தன்னிடம் இருப்பது உண்மையான சரக்கா என்று அவருக்கே உறுதி இல்லை. இடத்தைச் சொன்னால் யாராவது போய் விசாரித்துவிடுவார்கள் என்ற பயம்.

என் கணக்கு இதுதான்: விற்றவரின் தொலைபேசி எண்ணை ஒருவர் தனக்குள் வைத்துக்கொள்ளலாம், அது அவர் உரிமை. ஆனால் அந்தத் தேயிலையை அவர் இன்னொருவருக்குக் காசுக்குக் கொடுக்கும்போது, எந்த ஆண்டு, எந்த மலை அல்லது எந்தத் தொழிற்சாலை, இவ்வளவு நாள் எங்கே கிடந்தது என்ற மூன்றையும் சொல்லியே ஆக வேண்டும்.

மார்த்தாண்டம், மென்பொருள் வேலை: அண்ணே, அழைப்பு இருந்தால் மட்டும் சேர்க்கும் ஒரு குழுவுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், என்ன தேயிலை என்று பிறகுதான் சொல்வார்களாம், வெளியே பேசக் கூடாதாம். சேரலாமா?

தம்பி, கூட்டாக வாங்குவதில் தப்பே இல்லை. ஒரு கட்டை ஏழு பேர் பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், பேச ஆளும் கிடைக்கும். எங்கள் பழக்கமே அப்படித்தான் வளர்ந்தது.

நீங்கள் சொல்வதில் எனக்கு உறுத்துவது, "வெளியே பேசக் கூடாது" என்ற நிபந்தனை எதைக் காப்பாற்றுகிறது என்பதுதான். சேரும் முன் உள்ளே இருக்கும் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்: இதுவரை வந்ததில் எது நன்றாக இல்லை, அதைக் குழுவில் யாராவது சொன்னார்களா, சொன்னவருக்கு என்ன ஆயிற்று? "எல்லாமே அருமை" என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். சேகரிக்கிற எவருக்கும் வாங்கிய எல்லாமே அருமையாக அமையாது. குறை சொன்னவரை அடுத்த வாங்கலில் சேர்க்காமல் விடுவது சில இடங்களில் நடக்கிறது. அதற்குப் பயந்து எல்லோரும் பாராட்டிக்கொண்டே இருப்பார்கள், புதிதாக வருகிறவர் அந்தப் பாராட்டை நம்பிப் பணம் கட்டுவார்.

இன்னொன்று. நம் நாட்டில் தேயிலைக்கு இறக்குமதி வரி 100 விழுக்காடு. அதைத் தவிர்க்க, பொட்டலத்தின் மேல் "பரிசு" என்று எழுதி அனுப்பச் சொல்வார்கள். வரியில்லாப் பரிசுப் பொட்டலச் சலுகை 2019 டிசம்பரிலேயே பெரும்பாலும் முடிந்துபோனது. பொட்டலம் சுங்கத்தில் மாட்டினால் உங்கள் பணம் போகும். ரகசியமாக வாங்கியதால் யாரிடமும் முறையிடவும் முடியாது. வரி கட்டி வாங்குங்கள், குறைவாக வாங்குங்கள்.

வடசேரி, வங்கி ஊழியர்: ஒருவர் மேல்தாள் இல்லாத கேக் ஒன்றைக் காட்டி "இது 88 சிங், உனக்கு மட்டும், யாரிடமும் காட்டாதே" என்றார். விலை பெரிது. எப்படி முடிவு செய்வது?

முதலில் பெயரைப் பார்ப்போம். யுன்னானில் உள்ள மெங்ஹாய் தேயிலைத் தொழிற்சாலையின் 7542 என்ற கலவை உண்டு. 75 என்பது கலவை உருவான 1975, 4 இலையின் தரம், கடைசி 2 மெங்ஹாயின் எண். 1989 முதல் 1990களின் தொடக்கம் வரை அழுத்திய 7542 கேக்குகளில் ஹாங்காங்கில் உலர்ந்த கிடங்கில் இருந்தவற்றுக்கு "88 சிங்" என்று பேர் வந்தது. ஆகவே "1988-இல் செய்தது" என்று அவர் அழுத்திச் சொன்னால் அவருக்கே விஷயம் தெரியாது என்று அர்த்தம்.

மேல்தாளும் இல்லை, கேக்குக்குள் அழுத்தும் உள்சீட்டும் இல்லை என்றால் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல என்னாலும் முடியாது. கொஞ்சம் உடைத்துத் தரச் சொல்லுங்கள். கொதிநீர் ஊற்றி, முதல் நீரைக் கொட்டிவிட்டுப் பாருங்கள். உலர்ந்த இடத்தில் முதிர்ந்த பச்சைப் பூஎர், அதாவது குவித்து நொதிக்க வைக்காமல் தானாக முதிரவிட்ட வகை என்றால் சாறு தெளிந்த செம்மஞ்சளில் இருக்கும், ஊறிய இலை விரிந்து இழுத்தால் கொஞ்சம் நெகிழும். கரிபோல் கறுத்து விறைத்து விரியாமல் கிடந்தால் அது குவித்து நொதிக்க வைத்த வகையாகவோ, ஈரக் கிடங்கில் கெட்டதாகவோ இருக்கலாம். பல ஆண்டுகளில் வரும் மாற்றத்தைச் சில வாரங்களில் கொண்டுவர 1973-இல் இந்தக் குவித்தல் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அது தன்னளவில் நல்ல தேயிலைதான், நான் தினமும் குடிக்கிறேன். அதைப் பழைய பச்சை வகை என்று விற்பதுதான் மோசடி.

ஆனால் இந்தச் சோதனைகளை விட எனக்கு முக்கியமாகப் படுவது "யாரிடமும் காட்டாதே" என்ற சொல். இரண்டாவது ஆள் பார்க்கக் கூடாது என்று ஏன் நினைக்க வேண்டும்? 1848-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவர ஆய்வாளர் மாறுவேடத்தில் சீனாவுக்குள் போனார். செடியையும் செய்முறையையும் திருடத்தான் போனார், அது வேறு கதை. அங்கே ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலைக்கு பிரஷ்யன் நீலச் சாயமும் ஜிப்சமும் பூசுவதைக் கண்ணால் பார்த்தார். வாங்குகிறவர்கள் யாரும் உள்ளே வந்து பார்க்க முடியாதவரை அது தடையில்லாமல் நடந்தது. உடைத்த துண்டை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போங்கள். அதற்கு அவர் கோபப்பட்டால் வியாபாரம் அதோடு முடிந்தது.

குலசேகரம், ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்: நம்ம ஊர் ஈரத்தில் பூஎர் தாங்குமா? சேர்த்து வைக்கிறவர்கள் எவரும் முறையைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

இதில் மறைக்க ஒன்றுமே இல்லை அண்ணாச்சி. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது, பூசணம்தான் முதல் எதிரி. காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும், 75 தாண்டினால் ஆபத்து. ஒரு சிறிய ஈரமானி வாங்கி டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். மூடி இறுகிய டப்பாவும் ஈரம் கட்டுப்படுத்தும் பையும் போதும். மழை மாதங்களில் திறக்காதீர்கள்.

உங்களுக்குத் தனியாக ஒன்று: ரப்பர் ஷீட் புகை போடும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. கிராம்பும் நல்லமிளகும் காயப்போடும் அறையும் வேண்டாம். தேயிலை மணத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு போகாது.

இரணியல், கல்லூரி மாணவர்: ஒரு கிலோ 99,999 ரூபாய்க்குத் தேயிலை விற்றது உண்மையா?

உண்மை. அசாமின் மனோகரி கோல்ட், 2021 டிசம்பர், குவஹாத்தி ஏலம். அதில் எனக்குப் பிடித்தது விலை அல்ல. தோட்டம் எது, விலை என்ன, வாங்கியது யார் என்று எல்லாமே வெளியில் வந்துவிடும் திறந்த ஏலம் அது.

ஆரல்வாய்மொழி, ஓய்வு பெற்றவர்: "மாஞ்சோலையின் கடைசித் தேயிலை" என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்கிறார்கள். வாங்கி வைத்தால் மதிப்பு ஏறுமா?

ஏறாது என்றே சொல்வேன். திருநெல்வேலி மாவட்டத்து அந்த மலைத் தோட்டத்தில் செய்தது பெரும்பாலும் கறுப்புத் தேயிலை. அது பூஎர் மாதிரி முதிர்ந்து மேம்படாது, இரண்டு மூன்று ஆண்டில் மணம் இறங்கிவிடும். பொட்டலத்தில் அச்சிட்ட தேதி இல்லை என்றால் கடைசிப் பறிப்பு என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

இதில் எனக்கு வருத்தமும் உண்டு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் ஒரு தனியார் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன காடு அது. குத்தகை 2028-இல்தான் முடிகிறது. அதற்கு முன்பே 2024-இல் வேலையை நிறுத்தி, தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர்களை விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். அந்தத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அவர்கள் கையால் பறித்த இலையைச் "சிலருக்கு மட்டும்" என்று மூடி மறைத்து விலை ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஞாபகத்துக்கு வேண்டும் என்றால், அங்கிருந்து இறங்கிய ஒரு குடும்பத்திடம் கேட்டு வாங்குங்கள், காசு அவர்கள் கைக்குப் போகட்டும். வாங்கியதைக் குடித்துவிடுங்கள்.

களியக்காவிளை, சிறு வியாபாரி: நீலகிரியில் ஒரு சிறு விவசாயி பனிக்காலத்தில் கையால் செய்த தேயிலை கொஞ்சம் தருகிறார். யாரிடமும் என் பேரைச் சொல்லாதே என்கிறார். இதுவும் தப்புதானா?

இல்லை, இது வேறு. அங்கே சிறு விவசாயிகள் பெரும்பாலும் பச்சை இலையைத் தொழிற்சாலைக்கு எடைபோட்டு விற்றுப் பிழைப்பவர்கள். டிசம்பர், ஜனவரியில் குளிரில் மெதுவாகத் துளிர்க்கும் இலையில் நாலைந்து கிலோ தனியாகச் செய்வதே அவருக்குப் பெரிய வேலை. நூறு பேர் கூப்பிட்டால் அவரால் சமாளிக்க முடியாது, இலை வாங்கும் தொழிற்சாலையோடும் மனக்கசப்பு வரலாம். அவர் கேட்டால் பேரைச் சொல்லாதீர்கள். நீலகிரி, இந்த மாதம், கையால் செய்தது, இவ்வளவுதான் கிடைத்தது என்பதை மட்டும் பொட்டலத்தில் எழுதுங்கள். அவருக்கு நீங்கள் கொடுக்கும் விலையை வருடா வருடம் கொஞ்சம் கூட்டுங்கள்.

கருங்கல், செவிலியர்: ருசி பார்க்கும் கூட்டத்துக்குப் போனேன். சீனச் சொற்களாகப் பேசினார்கள், கேட்டால் "போகப் போகப் புரியும்" என்றார்கள். நல்ல தேயிலையை நான் கிளம்பிய பிறகு போட்டதாகப் பின்னால் தெரிந்தது.

படிக்கும்போதே கோபம் வந்தது தங்கச்சி. கூட்டத்துக்கு வந்த ஆளுக்குத் தெரியாமல் எடுத்து வைக்கும் தேயிலை எவ்வளவு பழையதாக இருந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

போகப் போகப் புரிய வேண்டிய அளவுக்கு அதில் எதுவும் இல்லை. ஷெங் என்றால் பச்சை வகை, ஷௌ என்றால் குவித்து நொதித்த வகை, குஷு என்றால் வயதான மரம். இந்த மூன்றோடு அவர்கள் பேச்சில் பாதியைப் பின்தொடரலாம். லாவ் பன்ஜாங் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள் என்றால், அது யுன்னானில் ஒரு மலைக் கிராமம், அதன் பேரில் போலி மிக அதிகம். வீட்டில் மூடியுள்ள 100 மில்லி பீங்கான் கிண்ணம், 6 கிராம் தேயிலை, நன்றாகக் கொதித்த நீர். பத்துப் பதினைந்து விநாடியில் வடித்து, அதே இலையில் திரும்பத் திரும்ப ஊற்றிக் குடியுங்கள். உங்களோடு வேலை செய்கிறவர்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் உங்களுக்கென்று ஒரு கூட்டம் ஆகிவிடும். சாம்பிள் நான் தருகிறேன்.

குளச்சல், மறைந்த சேகரிப்பாளரின் மகள்: அப்பா போன பிறகு அலமாரி நிறையத் தேயிலை. எது என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் வந்து "எல்லாம் சாதாரணம், மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார்.

கொடுக்காதீர்கள் அம்மா, இப்போதைக்கு எதையும் கொடுக்காதீர்கள். சாதாரணம் என்றால் மொத்தமாக ஏன் கேட்கிறார்?

எதையும் இடம் மாற்றாமல் முதலில் படம் எடுங்கள். மேல்தாளின் முன்புறம், பின்புறம், கேக்குக்குள் அழுத்தியிருக்கும் சிறு சீட்டு, கட்டின் மேல் எழுதியிருந்தால் அது. சீன எழுத்து புரியாவிட்டாலும் நான்கு இலக்க எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அப்பாவின் பழைய ரசீதுகள், பார்சல் உறைகள், கப்பல் பெட்டிக்குள் கிடக்கும் சீட்டுகள், எதையும் வீசாதீர்கள். ஒரு கேக்கின் கதை பல நேரம் ரசீதில்தான் இருக்கும். அதன் பிறகு ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். என்னிடமும் காட்டலாம், ஆனால் நான் உங்களிடம் எதையும் வாங்க மாட்டேன்.

சேகரிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கேக்கிலும் பென்சிலால் ஆண்டு, வாங்கிய இடம், கொடுத்த விலை எழுதிய தாள் ஒன்று வையுங்கள். வெளியாருக்குச் சொல்ல விருப்பம் இல்லை என்றால் சொல்ல வேண்டாம், வீட்டில் இருக்கிறவர்களுக்காவது தெரியட்டும்.

கோட்டாறு, மளிகைக் கடைக்காரர்: அண்ணாச்சி, எல்லாருக்கும் சொல்கிறீர்கள். நீங்கள் எங்கே வாங்குகிறீர்கள்?

கேட்டது சரி. பூஎர் பெரும்பாலும் குவாங்சோவின் ஃபாங்சுன் தேயிலைச் சந்தையில் வாங்கியது, பழைய கேக்குகள் ஹாங்காங்கில். டார்ஜிலிங் தோட்டங்களிடமிருந்து நேராக, லாட் எண்ணோடு. நீலகிரியில் ஒருவர் பேரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதை மட்டும் சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் வாங்கிய விலையோடு நோட்டில் இருக்கிறது. கடை அடைத்த பிறகு ஒரு நாள் வாருங்கள், நோட்டைப் புரட்டிக்கொண்டே குடிக்கலாம்.