டெக்னிக்கல் பிட்டில் தள்ளிவிட்டார்கள்: ஆர்.டி.ஐ. போடுவதா, அப்பீல் போவதா?

தமிழ்நாட்டில் ஒரு துறையின் கட்டுமான டெண்டரில் உங்களை டெக்னிக்கல் பிட்டிலேயே (விலையைப் பார்க்கும் முன் தகுதியையும் அனுபவத்தையும் பார்க்கும் கட்டம்) தள்ளிவிட்டார்கள். ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை மனு) போட்டுக் காரணம் தெரிந்துகொண்டு பிறகு அப்பீல் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

தயவுசெய்து ஆர்.டி.ஐ. பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அதற்கு 30 நாள் ஆகும். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் 11-ஆம் பிரிவுப்படி அரசிடம் மேல்முறையீடு செய்ய, உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம்.

இன்றே செய்ய வேண்டியது: டெண்டர் தளத்தில் டெக்னிக்கல் மதிப்பீட்டு முடிவு ஏறியிருந்தால், தேதி தெரியும்படி இறக்கி வையுங்கள். நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேட்டும், அதுவரை பிரைஸ் பிட்டை (விலை குறித்த பகுதியை) திறக்க வேண்டாம் என்றும் டெண்டரை ஏற்கும் அதிகாரிக்குக் கடிதம் கொடுங்கள். மின்னஞ்சல் மட்டும் போதாது. தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பிரைஸ் பிட் திறந்து எல்-1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்) யாரென்று தெரிந்த பிறகு போனால், தோற்ற கோபத்தில் வந்தவர் என்றே பார்ப்பார்கள்.

பெரும்பாலான அப்பீல்கள் விழுவது எழுதும் முறையால். “எங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு, மறுபடி மதிப்பிடுங்கள்” என்பது எடுபடாது. டெண்டர் ஆவணத்தில் சொன்ன அளவுகோல் எது, அதிகாரி உண்மையில் பயன்படுத்தியது எது என்று பக்க எண்ணோடு காட்டினால்தான் நிற்கும்.

உதாரணமாக, வேலையின் மதிப்பு 1 கோடி ரூபாய். அதே வகை வேலை மூன்று, ஒவ்வொன்றும் குறைந்தது 40 லட்சம் என்பது நிபந்தனை. நீங்கள் கொடுத்த சான்றிதழ் ஒன்றில் ஜி.எஸ்.டி. சேர்த்து 42 லட்சம். குழு 18 சதவீத வரியைக் கழித்து 35.59 லட்சம் என்று போட்டு நிராகரிக்கிறது. வரி நீக்கிய தொகை என்று ஆவணத்தில் எங்காவது இருக்கிறதா? பிரீ-பிட் பதில்களையும் (பிட் போடும் முன் கேட்ட சந்தேகங்களுக்குத் துறை தந்த பதில்கள்) திருத்த அறிவிப்புகளையும் வரிவரியாகப் பாருங்கள். இல்லையென்றால் எழுதாத அளவுகோலை வைத்துத் தள்ளியிருக்கிறார்கள்; அதுவே உங்கள் முதல் வாதம். இன்னொருவருக்கு வரியோடு கணக்கிட்டு ஏற்றிருந்தால் வாதம் இரட்டிப்பாகும். ஆனால் ஆவணத்தில் அந்த வாசகம் இருந்தால் அப்பீலில் பணத்தை வீணாக்காதீர்கள். நிபந்தனையே அநியாயம் என்றால் பிட் போடும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அப்பீலை முடிக்க அரசுக்கு 15 நாள். அங்கே விழுந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. உச்ச நீதிமன்றத்தின் 1994 டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்தே, நீதிமன்றம் மதிப்பெண்ணைத் திரும்பப் போடாது. முடிவெடுத்த முறையில் கோளாறு இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஒப்பந்தம் கிடைத்தவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். வக்கீலை அப்பீல் போடும் அன்றே பார்த்துவிடுங்கள். சாலை, பாலம், குடிநீர் போன்ற வேலைகளில் ஒப்பந்தம் கையெழுத்தாகி இடமும் ஒப்படைக்கப்பட்டுவிட்டால் இடைக்காலத் தடை கிடைப்பது மிகக் கடினம்.