நாலு நோட் கிளஸ்டர் இப்போதே வேண்டுமா?

கேள்வி: நுவரெலியாவில் ஒரு தனியார் வைத்தியசாலையின் ஐடி பிரிவைப் பார்க்கிறேன். ஸ்கேன் படங்களும் நோயாளர் பதிவுகளும் இருக்கும் 12 டெராபைட் நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) நிரம்பிவிட்டது. ஆண்டுக்கு 4 டெராபைட் கூடுகிறது. கொழும்பு விற்பனையாளர் 4 நோட் ஸ்டோரேஜ் கிளஸ்டர் (நாலு சேமிப்புக் கணினிகள் ஒன்றாக இயங்கும் தொகுதி) வாங்கச் சொல்கிறார். அவசியமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கணக்குப்படி ஐந்து ஆண்டில் 32 டெராபைட் வரும். 8 டெராபைட் டிஸ்க் எட்டை ரெய்டு 6இல் (இரண்டு டிஸ்க் போனாலும் தரவு தப்பும் அமைப்பு) போட்டாலே ஏறக்குறைய 48 டெராபைட் கிடைக்கும். ஃபார்மட்டுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் (ஒரு நேரத்து நிலையை அதே பெட்டிக்குள் பதிந்து வைப்பது) கழித்தாலும் போதும். ஒரே பெட்டிக்குள் இரண்டு கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் கணினிப் பகுதி) உள்ள மிட்ரேஞ்ச் ஸ்டோரேஜ் எடுங்கள். ஆனால் பிறகு கிளஸ்டராக விரிக்கக்கூடிய மாடலாக இருக்கட்டும்.

விரிப்பதில் இரண்டு வகை உண்டு. டிஸ்க் ஷெல்ஃப் (டிஸ்க்குகள் மட்டும் உள்ள கூடுதல் தட்டு) சேர்த்தால் இடம் கூடும், கன்ட்ரோலரின் வேகம் அப்படியேதான் இருக்கும். நோட் சேர்த்தால் இடத்தோடு ப்ராசஸரும் மெமரியும் கூடும். டெல் நிறுவனத்தின் பவர்ஸ்டோர் ஸ்டோரேஜில் ஒரு கிளஸ்டருக்கு 4 பெட்டி வரை, பெட்டிக்கு இரண்டு கன்ட்ரோலர். நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் மென்பொருளான ஓன்டாப்பில் ஃபைல் வேலைக்கு 24 நோட் வரை போகலாம். ஓன்டாப்பில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இரண்டு நோட் என்றால் கேபிளால் நேரடியாக இணைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் தனி கிளஸ்டர் சுவிட்சுகள் வேண்டும். விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு கன்ட்ரோலரும் வேலை செய்கின்றன என்பதற்காக இரண்டையும் நிரப்பிவிடாதீர்கள். ஆளுக்கு 70 சதவீதம் சுமந்துகொண்டிருக்கும்போது ஒன்று விழுந்தால் மற்றது 140 சதவீதத்துக்கு எங்கே போகும்? ஒவ்வொன்றும் 50 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால்தான் ஒன்று விழுந்தாலும் ஸ்கேன் அறையில் யாருக்கும் தெரியாது.

டிஸ்க் விஷயத்தில் மலையகத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. 8 டெராபைட் டிஸ்க் ஒன்று போனால், நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் அதன் தரவைப் புது டிஸ்க்கில் திரும்பக் கட்ட 15 மணித்தியாலம் ஆகும். பகலில் டாக்டர்மாரும் படங்களைத் திறந்துகொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். அந்த நேரத்தில் இரண்டாவது டிஸ்க்கும் போனால் ரெய்டு 5 தாங்காது, ரெய்டு 6 தாங்கும். புது டிஸ்க் கொழும்பிலிருந்து வரவேண்டும். மழைக்காலத்தில் வரும் வழியில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் "நாலு மணித்தியாலத்தில் உதிரிப்பாகம்" என்ற ஒப்பந்தமெல்லாம் காகிதத்தோடு சரி. பெட்டிக்குள் ஒரு ஹாட் ஸ்பேர் (ஒன்று போனதும் தானாக வேலைக்கு வரும் உதிரி டிஸ்க்), அலுமாரியில் இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். பெட்டியின் இரண்டு பவர் சப்ளையையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த யூபிஎஸ் போனால் இரண்டும் சேர்ந்து போகும். தனித்தனி யூபிஎஸ்ஸில் கொடுங்கள். கேஷுக்கு (டிஸ்க்கில் எழுதும் முன் தரவைத் தற்காலிகமாக வைக்கும் மெமரி) பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். எழுதி முடிக்காத தரவைக் காப்பதுதான் அதன் வேலை, ஜெனரேட்டர் வரும்வரை பெட்டியை ஓட்டுவதல்ல.

'இங்கே குளிர்தானே, ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாதா?' என்று நிர்வாகம் கேட்கும். பனிமூட்டம் நேராக உள்ளே வந்து ஈரம் படியும், விடாதீர்கள். அதோடு, உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் விசிறியின் குளிரூட்டும் திறனும் குறையும். 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் வெப்ப எல்லையில் ஒரு பாகையைக் கழிப்பது வழக்கம். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீட்டர். 35 பாகை என்று போட்டிருக்கும் பெட்டி இங்கே 32தான்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். பெட்டியே எரிந்தால் அதுவும் சேர்ந்து எரியும். பழைய நாஸை வீசாமல் வேறு கட்டடத்தில் வைத்து, நோயாளர் பதிவுகளையும் அண்மைய படங்களையும் இரவு நகலெடுக்க விடுங்கள். பழைய படங்களை டேப்பிலோ வெளி டிஸ்க்கிலோ எடுத்து அதே கட்டடத்தில் வையுங்கள்.

கையெழுத்திடும் முன் அடுத்த ஷெல்ஃப், அடுத்த நோட், நான்காம் ஆண்டு பராமரிப்பு, இந்த மூன்றின் விலையையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாங்கி முடித்த பிறகு கேட்டால் அவர்கள் சொல்வதுதான் விலை.