பின்விளக்கை எங்கே வைப்பது?

கேள்வி: பழைய 48 அடி ஃப்ளாட்பெட் (சுவரும் கூரையும் இல்லாத, திறந்த தளம்) டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறேன் அண்ணா. துருப்பிடித்த பின் குறுக்குச் சட்டத்தை வெட்டிவிட்டுப் புதிது வைக்கிறோம். "சிவப்பு லைட்டை எங்கே போட்டாலும் சரி" என்கிறார் வெல்டர். அப்படியா?
- வாசகர், ஹூஸ்டன், டெக்சஸ்

பதில்: அவர் பேச்சைக் கேட்டுத் துளை போட்டுவிடாதீர்கள் தம்பி. அமெரிக்காவின் 108ஆம் எண் மத்தியப் பாதுகாப்புத் தரம் இதை அங்குலக் கணக்கில் சொல்கிறது. டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் தரையிலிருந்து 15 முதல் 72 அங்குலத்துக்குள். இண்டிகேட்டருக்கு 83 வரை போகலாம். லோடு இல்லாமல் நிறுத்தி, விளக்கின் நடுவுக்கு அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரம், முடிந்தவரை ஓரத்தில்.

ஃப்ளாட்பெட்டின் தளமே 60 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் விளக்குகளில் பிரச்சினை வராது. மாட்டிக்கொள்வது ரிஃப்ளெக்டரில். அதற்கு உச்ச வரம்பு 60. சட்டத்தின் கீழ்ப்பாதியில் வைத்துவிடுங்கள்.

அப்புறம், நடுவில் வரும் மூன்று சின்னச் சிவப்பு விளக்குகள். அழகுக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள டிரெய்லருக்கு அவை கட்டாயம். முன்னால் போவது கார் இல்லை, அகலமான வண்டி என்று பின்னால் வருகிறவருக்கு இருட்டிலேயே தெரிய வேண்டுமே! மையத்துக்கு மையம் 6 அங்குலத்துக்குக் குறையாமல், 12க்கு மிகாமல் இருக்கட்டும். பெட்டி டிரெய்லரில் கதவுக்கு மேலே வைப்பார்கள். உங்களுக்கு மேலே ஒன்றுமில்லை, சட்டத்திலேயே வரும். இரு மூலைகளிலும் வண்டியின் அகலத்தைக் காட்டும் க்ளியரன்ஸ் லைட் தனி. டெயில் லைட்டையே அதற்கும் கணக்குக் காட்டும் சாமர்த்தியம் செல்லாது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

1993 டிசம்பருக்கு முந்தைய வண்டியாக இருந்தாலும் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு-வெள்ளை டேப் தப்பாது. 2001 ஜூனிலிருந்து பழசுக்கும் கட்டாயம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

4 அங்குல வட்ட விளக்கை ரப்பர் வளையத்தோடு பொருத்த நாலரை அங்குலத் துளை வேண்டும். விளக்கு சட்டத்துக்குள் அமிழ்ந்து இருக்கட்டும்; துருத்தினால் சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில் (லோடிங் டாக்) முதல் இடியே அதற்குத்தான். தார்ப்பாய் தொங்கி மறைத்தாலும், சேறு அப்பியிருந்தாலும் விளக்கு இல்லாத வண்டிக்குச் சமம் என்றே சோதனையில் எழுதுவார்கள். ஒயரில் பழுப்பு டெயிலுக்கு, கறுப்பு க்ளியரன்ஸுக்கும் நடுவில் வரும் அந்த மூன்று சின்ன விளக்குகளுக்கும், வெள்ளை எர்த். பெயிண்டுக்கு மேலேயே எர்த்தை முறுக்காமல், சுரண்டிவிட்டு முறுக்கச் சொல்லுங்கள்.