ஊரில் வராத சிகரெட் ஆசை அறைக்கு வந்ததும் ஏன் வருகிறது?
இதை வைத்து, நமக்குச் சுயவிருப்பமே இல்லை, எதையும் நாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊரில் பத்து நாள் தொடாமல் இருந்தவரும் அறைக்குத் திரும்பிய அன்றே பற்றவைத்தவரும் ஒரே நீங்கள்தான், மாறியது இடம்.

பெரும்பாலும் காரணம், டீக்கடை, மொட்டை மாடி, சாப்பிட்டு முடித்த நேரம் என்று ஒவ்வொன்றோடும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான். வியட்நாம் போரின்போது அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து பார்த்தபோது, அந்த அடிமையானவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஹெராயினின் பிடியே இடம் மாறியதும் பெரும்பாலோரிடம் தளர்ந்துவிட்டது! எனக்கு இது இன்றைக்கும் பெரிய நம்பிக்கை தரும் விஷயம்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்:

1. அந்த டீக்கடைப் பக்கமே போகாமல் வேறு தெரு வழியாக நடங்கள்.
2. ஆசை வரும்போதெல்லாம் நேரம், இடம், பக்கத்தில் யார் என்று குறித்து வையுங்கள்.

ஆசை குறைந்தால் இழுத்தது சூழல். எந்தத் தெருவில் நடப்பது என்பதை அப்போதும் நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள், உங்கள் விருப்பத்துக்கு அங்கேதான் அதிக பலம், பாக்கெட் கைக்கு வந்தபிறகு அல்ல.

ஆனால் காலையில் எழுந்த அரைமணி நேரத்துக்குள் சிகரெட் இல்லாமல் முடியவில்லை என்றால் அது நிகோடினை உடம்பே கேட்பது, தெருவை மாற்றினால் மட்டும் போதாது, மருத்துவரைப் பாருங்கள்.