நடந்துகொண்டே கணக்குப் போடலாமா?

கேள்வி: அப்பச்சிக்கு 72 வயது, நாலு வருடமாகப் பார்கின்சன். பிசியோதெரபிஸ்ட் முன்னால் நன்றாக நடக்கிறார். வீட்டில் யாராவது கூப்பிட்டாலோ போன் அடித்தாலோ கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. 'ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்' என்றார் பழைய தெரபிஸ்ட். புதியவர் நடந்துகொண்டே கணக்குப் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? – வாசகி, தேவகோட்டை

இருவர் பேச்சையும் கேட்கலாம். பயிற்சி நேரத்தில் புதியவர் சொல்வது. மற்ற நேரத்தில், அதுவும் நிலைப்படி தாண்டும்போது, பழையவர் சொன்னது.

நாம் யோசித்தா நடக்கிறோம்? அந்தப் பொறுப்பை மூளையின் அடியாழத்தில் இருக்கும் பேசல் கேங்கிலியா பார்த்துக்கொள்கிறது. பார்கின்சனில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்து அது தளர்ந்துவிடுவதால், அடி எடுத்து வைக்கவே கவனம் செலவாகிறது. போன் அடித்ததும் கவனம் அங்கே ஓட, கால் நின்றுவிடுகிறது. தெரபி அறையில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் அங்கே நல்ல நடை.

1997இல் ஸ்வீடனில் முதியோர் குடியிருப்புகளில் 58 பேரைக் கவனித்தார்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிட்டவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடந்துகொண்டே இன்னொன்றையும் செய்யும் இரட்டைவேலை என்றாலே பயம் வந்ததில் வியப்பில்லை. அந்தப் பயத்தை நேராகச் சோதித்தது பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் 121 பார்கின்சன் நோயாளிகளை வைத்துச் செய்து 2017இல் வெளிவந்த ஆய்வு. ஒரு குழு நடையையும் மூளைவேலையையும் சேர்த்துப் பழகியது, மற்றது தனித்தனியாக. ஆறு வாரத்தில் இரு குழுவுக்குமே வேலை செய்துகொண்டு நடக்கும் வேகம் கூடியது. விழும் அபாயம் கூடவில்லை. சேர்த்துப் பழகுவதுதான் உசத்தி என்று அது சொல்லவில்லை. அப்பச்சி பயந்தால் தனித்தனியாகவே தொடங்கலாம். டிரெட்மில்லோடு மெய்நிகர் திரையைச் சேர்த்த 2016 ஆய்வில், வெறும் டிரெட்மில்லைவிட விழுதல் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் அந்தக் கருவிக்காக அலைய வேண்டாம்.

எந்த வேலையைக் கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழிப்பது வழக்கமான சோதனை. வட்டிக்கணக்கை மனசிலேயே போட்டுப் பழகியவருக்கு அது ஒரு சுமையே இல்லை. நகரத்தாரின் ஒன்பது கோயில்களை வரிசையாகச் சொல்லச் சொன்னாலும் இளையாற்றங்குடி, மாத்தூர் என்று வாய் தானாக ஓடும். அதையே பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். 'லட்சத்துக்கு மாசம் ஒண்ணேகால் வட்டி, எட்டு மாசத்துக்கு எவ்வளவு?' என்று கேளுங்கள். நெற்றி சுருங்கினால் சரியான வேலை. நடை அடியோடு நின்றால் கனம் அதிகம், குறையுங்கள். கையில் அரை டம்ளர் தண்ணீரோடு நடப்பதும் நல்ல பயிற்சி. வீட்டில் அவருக்குத் தேவைப்படுவதும் அதுதானே.

முன்னேற்றத்தை அளக்க ஒரு வாட்ச் போதும். பத்து மீட்டரைச் சும்மா நடக்க 10 விநாடி, கணக்கோடு 13 விநாடி என்றால் இழப்பு 30 சதவீதம். கணக்கில் எத்தனை தப்பு என்பதையும் எழுதுங்கள். நடை வேகமாகி விடை குளறினால், கவனம் இடம் மாறியிருக்கிறதே தவிர, திறன் கூடவில்லை. இடையிடையே 'இப்பக் காலைப் பாருங்க', 'இப்பக் கணக்கைப் பாருங்க' என்று மாற்றிச் சொல்வதும் உதவும். தள்ளாட்டம் உள்ள முதியவர்களிடம் 2009இல் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இப்படிக் கவனத்தை மாற்றப் பழகியவர்களின் பலன் மூன்று மாதம் கழித்தும் நின்றது.

மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். இடம் வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் வேண்டாம். பள்ளத்துக்கு அருகே எதற்கு வம்பு? முகப்பில், காய்ந்த தரையில், இடுப்பு பெல்ட்டைப் பிடித்தபடி அரையடி பின்னால் பக்கவாட்டில் ஒருவர் வரட்டும். ஆத்தங்குடிக் கல் வழவழப்பானது, துடைத்த ஈரத்தில் கூடவே கூடாது. கால் ஒட்டினால் இழுக்காதீர்கள். கணக்கை விட்டுவிட்டு, நின்று, உடம்பை இடவலமாகச் சாய்த்து, பெரிய அடியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை விழுந்திருந்தாலோ, நினைவு தடுமாறினாலோ, இல்லாதது கண்ணில் தெரிந்தாலோ வீட்டில் தொடங்க வேண்டாம், தெரபிஸ்ட் முன்னிலையில்தான். 30 சதவீதம் இருந்த இழப்பு திடீரென ஏறினால் பயிற்சியைக் கூட்டாதீர்கள். அது மருந்து அளவைப் பார்க்க வேண்டிய விஷயம். நோட்டோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.